பச்சை இலை விளம்பரமும் கிராமச் சுற்றுலாவும்: கழிவுநீர் எங்கே போகிறது, காசு யார் கையில் நிற்கிறது?

நொய்யல்கரை (இழையைத் தொடங்கியவர், திருப்பூர்)

வணக்கம். திருப்பூரில் மெர்ச்சண்டைசர் வேலை. பையர், அதாவது துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனம், கேட்பதைப் பட்டறைக்கும், பட்டறை சொல்வதைப் பையருக்கும் கொண்டுபோகிறவன். ‘சூழலுக்கு உகந்தது’ என்ற டேக் ஒரு டீ-சர்ட்டில் எந்தக் கட்டத்தில், யார் சொல்லி ஏறுகிறது என்பதைத் தினமும் பார்க்கிறேன்.

அண்மையில் ஒரு துணி விளம்பரம் கண்ணில் பட்டது. மண் சுவர், திண்ணை, தறியில் ஒரு பாட்டி, அவருக்கு முன்னால் மாடல், மூலையில் பச்சை இலை. ‘பூமிக்கு நல்லது’ என்று ஒரே வரி. எந்த நூல், என்ன சாயம், எங்கே சாயம் ஏறியது என்று ஒரு சொல் இல்லை. அடுத்த நாளே அதே போன்ற தெருவைக் காட்டி, ‘இயற்கையோடு இயைந்த கிராம வாழ்க்கை, இரண்டு நாள் அனுபவம்’ என்று ஒரு டூர் பேக்கேஜ். அதிலும் அந்த ஊரில் யார் வீட்டில் தங்குவோம், ஊருக்கு என்ன கிடைக்கும் என்று எதுவும் இல்லை. இரண்டிலும் கிராமம் வெறும் திரைச்சீலை. இது எனக்குப் பொறுக்கவில்லை.

காரணம் இருக்கிறது. இன்று பல வெளிநாட்டு பிராண்டுகள் ‘ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத ஆலையில் சாயமிட்டது’ என்று எழுதுகின்றன. அந்த ஜீரோ டிஸ்சார்ஜ் எந்த பிராண்டின் நல்ல மனதாலும் திருப்பூருக்கு வரவில்லை. நொய்யல் ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் தேங்கி, கீழே கிணறும் தோட்டமும் பாழாகி, நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனதால் வந்தது. 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, 2009-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அப்படியும் சரியாகாததால் 2011 ஜனவரியில் சாய, சலவைப் பட்டறைகளை மொத்தமாக மூடச் சொல்லி உத்தரவு வந்தது. வேலை இல்லாமல் மூட்டை கட்டிக்கொண்டு பஸ் ஏறிய குடும்பங்களை ஊர் மறக்கவில்லை. பிறகுதான் ஆர்.ஓ. (சவ்வு வழி வடிகட்டல்), எவாப்பரேட்டர் (நீரை ஆவியாக்கும் கருவி), உப்பு மீட்பு என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்து பட்டறைகள் திறந்தன. அந்தச் செலவு இன்றும் சாயக்கூலியில்தான் உட்கார்ந்திருக்கிறது. மிஞ்சும் கலப்பு உப்பை என்ன செய்வது என்பதற்கு இன்னும் முழுத் தீர்வு இல்லை. பீஸுக்கு சில சென்ட் குறைத்தே ஆக வேண்டும் என்று அடம்பிடிக்கும் பையர்தான், அந்தச் சுத்திகரிப்பைத் தன் சாதனையாக விளம்பரத்தில் எழுதுகிறார்.

நீங்கள் என்ன பார்க்கிறீர்கள்? நெசவு, சாயம், ஹோம்ஸ்டே, வழிகாட்டி வேலை என்று இதற்குள் இருப்பவர்கள் எழுதுங்கள்.

ஆம்ஸ்டல் (நெதர்லாந்து)

அண்ணா, நீங்கள் ஏற்றுமதி செய்கிற டேக்கை நான் இந்தப் பக்கம் கடையில் பார்க்கிறேன். இங்கே கொஞ்சம் இறுக்கிப் பிடித்திருக்கிறார்கள். 2022 செப்டம்பரில் நெதர்லாந்தின் நுகர்வோர், சந்தை ஆணையம் எச் அண்ட் எம், டெகத்லான் இரண்டையும் விசாரித்தது. ‘கான்ஷியஸ்’, ‘ஈக்கோடிசைன்’ என்ற பொதுவான சொற்களை என்ன ஆதாரத்தில் போடுகிறீர்கள் என்பதுதான் கேள்வி. இரு நிறுவனங்களும் அவற்றை எடுக்கவோ மாற்றவோ ஒப்புக்கொண்டன. சூழல் நோக்கங்களுக்கு முறையே 5 லட்சம் யூரோவும் 4 லட்சம் யூரோவும் கொடுத்தன. நார்வே அதற்கு முன்பே, 2019-ல், கான்ஷியஸ் வரிசையில் விவரம் போதவில்லை என்று சொல்லிவிட்டது.

பிரிட்டனில் 2024 மார்ச்சில் ஏசாஸ், பூஹூ, ஆஸ்டாவின் ஜார்ஜ் என்ற மூன்று துணி பிராண்டுகளும் அங்குள்ள சந்தை ஆணையத்துக்கு எழுதிக் கொடுத்த உறுதிமொழியில் எனக்குப் பிடித்த ஒரு பகுதி உண்டு: ஒரு துணி உண்மையில் இருப்பதைவிட நல்லது என்று தோன்ற வைக்கும் விதத்தில் பச்சை இலை போன்ற படங்களையே போடக்கூடாது. படமும் ஒரு கூற்றுதான் என்று ஒத்துக்கொண்ட மாதிரி. நீங்கள் சொன்ன விளம்பரத்தில் இலை மட்டுமில்லை, பாட்டியும் தறியும் அதே வேலையைத்தான் செய்கிறார்கள்.

2026 செப்டம்பர் 27 முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க ஒரு புது விதி நடைமுறைக்கு வருகிறது. நிரூபிக்க முடியாத ‘பசுமை’, ‘சூழலுக்கு உகந்தது’ போன்ற பொதுச் சொற்களுக்குத் தடை. எங்கோ மரம் நட்டுக் கணக்குக் காட்டி ‘இந்தச் சட்டையால் கார்பன் பாதிப்பே இல்லை’ என்று சொல்லவும் முடியாது.

கணக்குப்பிள்ளை (கோவை)

எல்லாம் சரி. ஒரு கேள்வி கேட்கிறேன், கோபப்படாதீர்கள். இப்படி ஒவ்வொரு சொல்லையும் பிடித்து உலுக்கினால் பிராண்டுகள் என்ன செய்யும்? வாயை மூடிக்கொள்ளும். அதோடு இயற்கைப் பருத்திக்குக் கொடுக்கும் கூடுதல் விலையையும் நிறுத்திவிடும். பேசாத பொருளுக்கு ஏன் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்? அடி வாங்கப்போவது பருத்தி போட்ட விவசாயி. பாட்டிலை உருக்கிச் சட்டை செய்கிறார்கள், அதையும் திட்டுகிறீர்கள். ஒன்றும் செய்யாதவனை யாரும் கேட்பதில்லை, பாதி செய்தவனைத்தான் எல்லாரும் பிடிக்கிறார்கள்.

கிராமச் சுற்றுலாவும் அப்படித்தான். விளம்பரம் இல்லாவிட்டால் அந்த ஊருக்கு யார் வரப்போகிறார்கள்?

நொய்யல்கரை

கணக்குப்பிள்ளை எழுதியது: “பாதி செய்தவனைத்தான் எல்லாரும் பிடிக்கிறார்கள்.”

பாதி செய்தவரைப் பாதி செய்தேன் என்று சொல்லச் சொல்கிறேன் சார், அவ்வளவுதான். உள்ளே நடப்பதைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள்.

ஒரு பனியன் கம்பெனியிடம் காட்ஸ் (இயற்கை இழைத் துணிக்கான உலகத் தரச் சான்று) ஸ்கோப் சர்டிஃபிகேட் இருக்கும். ‘இந்த ஆலைக்கு இயற்கைப் பருத்தியைக் கையாளத் தகுதி உண்டு’ என்பது மட்டும்தான் அதன் பொருள். அங்கே தைக்கிற எல்லாத் துணியும் இயற்கைப் பருத்தி ஆகிவிடாது. ஒவ்வொரு சரக்குக்கும் தனியாக டிரான்ஸாக்ஷன் சர்டிஃபிகேட் வேண்டும், நாங்கள் டி.சி. என்போம். நூல்மில்லிலிருந்து நிட்டிங், சாயம், தையல் வரை ஒவ்வொரு கை மாறும்போதும் டி.சி. வர வேண்டும். விளம்பரத்தில் காட்டுவது பெரும்பாலும் ஸ்கோப் சர்டிஃபிகேட். அதைச் சுவரில் மாட்டிப் படம் எடுக்கலாம். டி.சி.யை யாரும் காட்டுவதில்லை.

டி.சி.யிலும் மோசடி நடந்திருக்கிறது. 2020 அக்டோபரில் காட்ஸ் அமைப்பே இந்தியாவில் 20,000 டன் பருத்திக்குப் போலிச் சான்றிதழ் கண்டுபிடித்ததாக அறிவித்தது. க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்தால் அரசு இணையதளம் போலவே ஒன்று திறக்கும், அது நகல். நீங்கள் கவலைப்படுகிற விவசாயி இருக்கிறாரே, உண்மையாகவே மருந்தடிக்காமல் போட்டவர், அவருடைய விலையைத் தின்றது அந்தப் போலிக் காகிதம்தான். ஒவ்வொரு சொல்லையும் பிடித்து உலுக்குவது அவருக்காகவும்தான்.

பெட்டர் காட்டன் என்ற பருத்தித் திட்டம் பற்றியும் நண்பர்கள் கேட்கிறார்கள். அதில் நெடுங்காலம் இருந்தது மாஸ் பேலன்ஸ் முறை. கணக்குப்படி பிராண்ட் அத்தனை டன்னுக்குப் பணம் கட்டியிருக்கும். உங்கள் உடம்பில் இருக்கிற சட்டையில் அந்தப் பருத்தி ஒரு இழைகூட இல்லாமல் இருக்கலாம். அது தப்பில்லை, வெளிப்படையாகச் சொன்ன முறை. ஆனால் டேக்கைப் படிப்பவர் அப்படிப் புரிந்துகொள்வதில்லை. தடம் பிடிக்கக்கூடிய பருத்தியை 2023-ல்தான் தனியாகக் கொண்டுவந்தார்கள்.

பாட்டில் சட்டைக்கு வருகிறேன். பாலியஸ்டர்தான் இன்று உலக இழை உற்பத்தியில் பாதிக்கு மேல். ரீசைக்கிள் பாலியஸ்டரில் ஏறக்குறைய எல்லாமே பாட்டிலிலிருந்து வருகிறது. பழைய துணியிலிருந்து புதுத் துணி என்பது மொத்த இழையில் 1 சதவீதத்துக்கும் கீழே. பாட்டில் மறுபடி பாட்டில் ஆகலாம், பல சுற்று வரும். சட்டை ஆனபின் அதன் பயணம் பெரும்பாலும் அங்கேயே முடிந்தது. ‘பழைய துணிக்கு மறுவாழ்வு’ என்ற தொனியில் அதை விற்பது பொய்.

அப்புறம் ‘இந்த டீ-சர்ட் வாங்கினால் 2,700 லிட்டர் தண்ணீர் மிச்சம்’ என்கிற வாசகம். 2,700 லிட்டர் என்பது உலகச் சராசரி, அதில் வயலில் பெய்த மழைநீரும் சேர்த்தி. மானாவாரிக் கரிசலில் விளைந்த பருத்தியும், வாய்க்கால் பாய்ச்சி விளைந்த பருத்தியும் ஒன்றாகிவிடுமா? எந்த ஊர், எந்தப் பாசனம் என்று சொல்லாமல் அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.

அவுரிச்செடி (திண்டிவனம் பக்கம்)

குறுக்கே ஒரு விஷயம். ‘இயற்கைச் சாயம்’ என்று போட்டால் உடனே கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறார்கள். எங்கள் பக்கம் நீலச் சாயம் தரும் அவுரி பயிராகிறது, வில்லை தட்டுகிறோம், அதனால் சொல்கிறேன். அவுரி நிஜமாக இருந்தாலும், தொட்டியில் நீலம் கரைய என்ன போட்டார்கள் என்று கேளுங்கள். வெல்லம், சுண்ணாம்பு வைத்துப் புளிக்க விட்டால் நாள் பிடிக்கும். ஹைட்ரோஸ் என்ற ரசாயனம் போட்டால் சீக்கிரம் முடியும், ஆனால் கழிவு வேறு. மஞ்சிட்டி, கடுக்காய்க்கும் அப்படித்தான். படிகாரம் வைத்துப் பிடித்த நிறம் வேறு, மயில்துத்தம் (செம்பு உப்பு) வைத்துப் பிடித்தது வேறு. காய்ச்ச விறகு எவ்வளவு, அலசின தண்ணீர் எந்தப் பள்ளத்தில் விட்டீர்கள் என்பதையும் கேட்க வேண்டும். இலை, வேரிலிருந்து வந்தாலும் சாயத்தண்ணீர் சாயத்தண்ணீர்தான்.

தறிச்சத்தம் (காஞ்சிபுரம் பக்கம்)

அந்த விளம்பரத்துப் பாட்டி போல எங்கள் தெருவிலும் ஒருவர் உண்டு, என் சின்னம்மா. கொஞ்ச காலம் முன்பு ஒரு கம்பெனி (பெயர் வேண்டாம்) வந்து ஷூட்டிங் எடுத்தது. சின்னம்மாவைக் குழித்தறியில் உட்காரவைத்து, நாடாவை (ஊடுநூல் ஓடுகிற கட்டை) கையில் கொடுத்து, பக்கத்தில் மாடலை நிறுத்தினார்கள். மாடல் கட்டியிருந்தது பவர்லூம் சேலை. எங்கள் தறியில் இருந்த பாவுக்கும் (நீளவாட்டு நூல்) அதற்கும் சம்பந்தமே இல்லை. சின்னம்மாவுக்கு ஒரு காபியும் ஒரு செல்ஃபியும் கிடைத்தது. அந்தப் படம் இன்னும் அவர்கள் கடையில் தொங்குகிறது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

டூர் கதைக்கு வருவோம். உடலையும் கரையையும் தனித்தனி நூலில் நெய்து இணைக்கிற கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஓரத்தில் கோர்வை வாங்கிக் கொடுக்க ஒரு ஆள். நெய்து முடித்த சேலைக்குத்தான் கூலி. ஒரு கூட்டம் உள்ளே வந்தால் இரண்டு பேரும் நிறுத்த வேண்டும். ‘இது எப்படி வேலை செய்கிறது?’, ‘குழந்தையை உட்கார வைத்து ஒரு போட்டோ எடுக்கட்டுமா?’ என்று அரை மணி, முக்கால் மணி போய்விடும். வந்தவர்கள் நல்லவர்கள், ஆசையாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் அந்த நேரத்துக்கான கூலியை யார் கொடுப்பது? டூர் நடத்துபவர் ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கியிருப்பார். பார்த்து முடித்ததும் எங்களிடம் வாங்க விடாமல், கமிஷன் கிடைக்கிற ஷோரூமுக்கு வண்டியைத் திருப்புவார்கள்.

2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பில் நாட்டின் நெசவாளர் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் கீழே சம்பாதிப்பதாக வந்தது. அந்த வருமானத்தில் ஒரு மணி நேரம் என்பது சின்ன விஷயமில்லை. என் பையன் தறியில் உட்கார மாட்டேன் என்கிறான். வருகிற விருந்தாளிகள் ‘இந்தக் கலை அழியக் கூடாது’ என்று சொல்லும்போது அவன் எழுந்து வெளியே போய்விடுகிறான்.

காரைக்குடி_வள்ளி

தறிச்சத்தம் அண்ணே, படித்ததும் மனது கனத்துவிட்டது. நான் செட்டிநாட்டுப் பக்கம் ஊர் சுற்றிக் காட்டும் வழிகாட்டி. நீங்கள் சொன்னது ஆத்தங்குடியிலும் நடக்கிறது. கண்ணாடி மேல் அச்சு வைத்து, நிறக் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி எடுக்கிற கல். சூளையில் சுடுவதில்லை, தண்ணீரில் ஊறவைத்துத்தான் இறுகுகிறது. அந்தக் கை வேகம் பார்க்க அழகு. அதனால் கூட்டம் நிற்கிறது. நிற்கிற கூட்டத்தில் கல் வாங்குபவர் அபூர்வம்.

கிராமச் சுற்றுலா இங்கே புதிதில்லை. 2003 வாக்கில் மத்திய சுற்றுலா அமைச்சகமும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் சேர்ந்து நாடு முழுக்க சில கிராமங்களை எடுத்தன. தமிழ்நாட்டில் காரைக்குடியும் கழுகுமலையும். பயிற்சி கொடுத்தார்கள், கட்டடம் எழுப்பினார்கள். திட்டப் பணம் ஓடுகிற வரை ஓடியது. அப்புறம் நாடு முழுக்கப் பல இடங்களில் கட்டடம் இருக்க, அதை நடத்த ஆள் இல்லை. குஜராத்தின் கட்ச் பகுதியில் ஹோட்கா என்ற ஊர் மட்டும் வேறு மாதிரி நின்றது. ஊர்க் குழுவே வட்டமான மண் குடில்களைக் கட்டி, குளிர்காலத்தில் மட்டும் விருந்தினரை ஏற்று நடத்துகிறது. கணக்கு ஊரிடம் இருந்ததால் நின்றது என்பது என் எண்ணம்.

பேச யாரும் விரும்பாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘கிராம வாழ்க்கை’ என்று டூரில் காட்டுவது எந்தக் கிராமம்? பெரிய வீட்டு முற்றம், கோயில் குளம், நடுத்தெரு. ஊருக்கு அந்தாண்டை உள்ள தெருவை வண்டி எட்டிப் பார்க்காது. ஹோம்ஸ்டே வைக்கத் தனியறையும் கழிப்பறையும் வேண்டும் என்ற நிபந்தனை வந்தவுடனேயே யாருக்கு அந்தக் காசு போகும் என்பது முடிவாகிவிடுகிறது. அந்தத் தெருப் பெண்கள் பாத்திரம் கழுவவும் அறை கூட்டவும்தான் வருகிறார்கள். நல்ல கொட்டான் (பனையோலைக் கூடை) முடைகிற கைகள் அங்கே இருக்கின்றன. செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடே உண்டு. அவர்கள் வாசலில் உட்கார்ந்து விற்க ஒரு நிறுத்தம் போடுங்கள் என்று நான் வேலை பார்க்கிற இடத்தில் கேட்டேன். ‘விருந்தினருக்கு நேரம் இருக்காது’ என்றார்கள். சிவப்புக் கல் தரையில் நின்று படம் எடுக்க மட்டும் நேரம் இருக்கிறது.

கொல்லிமலை_சாமை

வணக்கமுங்க. மலையில ரெண்டு அறை வெச்சு நடத்துறோம், நானும் வீட்டுக்காரரும். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வர்றவங்க முதல்ல கேக்குறது ‘சாமைச் சோறு உண்டா?’. அவங்க பாத்த விளம்பரத்துல அப்படித்தான் போட்டிருக்கு, ‘மலைமக்களின் பாரம்பரிய சிறுதானிய உணவு’ன்னு.

உள்ளதச் சொல்றனுங்க. எங்க அம்மா காலத்துல சாமை, தினை, கேழ்வரகு எல்லாக் கொல்லையிலும் நின்னுச்சு. அப்புறம் மரவள்ளி வந்து பாதிக்கு மேல புடிச்சுக்கிச்சு. கிழங்கு மலையிறங்கி ஜவ்வரிசி மில்லுக்குப் போகும், கையில காசு வரும். வீட்டுல பொங்குறது ரேஷன் அரிசி. சாமைய இடிச்சுத் தீட்டுறது பெரிய பாடு, அத்தனையும் பொம்பளைங்க வேலை. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க வந்து விதை காப்பாத்தவும், தீட்டுற மிஷின் வெக்கவும் பாடுபட்டாங்க, அதனால சில ஊருல இன்னும் நிக்குது. ஆனா விருந்தாளிக்குப் போடுற சாமை எல்லாமே மலைச் சாமைன்னு யாரும் சத்தியம் பண்ண முடியாது. கீழ டவுன் கடையில வாங்கிட்டு வந்து மலைச் சாமைன்னு போடுறவங்களும் உண்டு. நாங்க இருக்குறப்ப போடுறோம், இல்லாதப்ப இல்லைன்னு சொல்லிடறோம். சிலபேர் முகம் சுளிக்கிறாங்க. சிலபேர் ‘அப்ப விதைக்கிற மாசத்துல வர்றோம்’னு சொல்றாங்க. அவங்கதான் திரும்பி வர்றாங்க.

இன்னொரு கஷ்டம் குப்பை. சனி, ஞாயிறு பைக்குல வர்ற கூட்டம் ஆகாயகங்கைக்குப் போற வழியெல்லாம் பாட்டில் போட்டுட்டுப் போறாங்க. மேல ஏறுற பிளாஸ்டிக் கீழ இறங்க வண்டி போதாது. கக்கூஸ் தொட்டி நெறஞ்சா கீழ இருந்துதான் லாரி வரணும். அது வர ஆகுற செலவுக்குப் பயந்து ஓடைப் பக்கம் தொறந்து விடுற விடுதியும் இருக்கு. வாசல்ல ‘எக்கோ’ன்னு பலகை. திருப்பூர் அண்ணா, உங்க சாயத்தண்ணிக்கும் இதுக்கும் பேருதான் வேற.

கணக்குப்பிள்ளை

சாமை அக்கா சொன்ன கழிவுநீர்த் தொட்டி விஷயம் என் யோசனையைக் கொஞ்சம் திருப்பியது. துணியில் குறைந்தது டி.சி. என்று ஒரு காகிதமாவது இருக்கிறது. விடுதியில் அதுவும் இல்லை. ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் என் முதல் கேள்வியை விடவில்லை. ஹோட்கா போல ஊர்க்குழு நடத்த எல்லா ஊரிலும் ஆள் இருக்கிறதா? வள்ளி சொன்ன சாதி விஷயம் ஊர்க்குழுவிலும்தானே வரும்? குழுத் தலைவர் யார் வீட்டுக்காரர் என்று பார்த்தாலே தெரிந்துவிடும். வெளியாள் கம்பெனி வந்தால் காசு வெளியே போகிறது, உள்ளூர்க் குழு வைத்தால் காசு ஒரே தெருவில் தங்குகிறது. எது மேல்?

காரைக்குடி_வள்ளி

நியாயமான கேள்வி அண்ணே. குழு என்ற பெயரால் மட்டும் எதுவும் நேராகிவிடாது. கேரளத்தின் குமரகத்தில் 2008-ல் தொடங்கியபோது வேறொரு வழியில் பிடித்தார்கள். சுற்றுலாத் தலம் ஏற்கெனவே பெரிதாகி, ஊர்க்காரர்களுக்கும் ரிசார்ட்டுகளுக்கும் பகை முற்றியிருந்த இடம் அது. ஊராட்சி நடுவில் நின்று, குடும்பஸ்ரீ (கேரள அரசின் பெண்கள் சுய உதவித் திட்டம்) பெண்கள் குழுக்கள் விளைவிக்கும் காய்கறியை ஓட்டல்கள் வாங்க ஏற்பாடு செய்தது. விருந்தினர் யார் வீட்டில் தங்கினாலும் அவர் சாப்பிடும் காய் நிலமில்லாத பெண் குத்தகைக்கு எடுத்த வயலிலிருந்தும் வரலாம். தங்கும் அறை இருக்கிறவருக்கு மட்டும் காசு என்ற நிலையை அது கொஞ்சம் உடைத்தது. அங்கேயும் படகுவீடுகளின் கழிவு வேம்பநாட்டுக் காயலில் கலக்கும் பிரச்சினை தீரவில்லை. ஆனாலும் எனக்கு அந்த ஏற்பாடுதான் நம்பிக்கை தருகிறது. இங்கேயும் ஓட்டல் மேசையில் வைக்கும் பலகாரம், கொட்டான், தேன் எல்லாம் எந்தத் தெருவில் வாங்கினது என்று எழுதி வைக்கச் சொன்னால் போதும், பாதி விஷயம் வெளியே வந்துவிடும்.

நெறியாளர்

ஒரு உறுப்பினர் தன் சொந்த அனுபவத்தில் ஒரு விடுதியின் பெயரைக் குறிப்பிட்டு எழுதிய பதிவு நீக்கப்பட்டது. அனுபவத்தை எழுதுங்கள், பெயர் வேண்டாம். புகாருக்கு உரிய இடம் எது என்பதைத் தெரிந்தவர் சொன்னால் எல்லாருக்கும் உதவும்.

சட்டப்புள்ளி (மதுரை)

நான் சொல்கிறேன். 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், பசுமைப் பூச்சுக்கும் (இல்லாத சூழல் நன்மையை இருப்பதாகக் காட்டுவது) தவறான சூழல் கூற்றுகளுக்கும் எதிரான வழிகாட்டுநெறிகளை வெளியிட்டது. விளம்பரத் தரக் கவுன்சிலின் நெறிகள் அதே ஆண்டு பிப்ரவரியிலேயே வந்துவிட்டன. ஆணையத்தின் நெறி பொருளுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். சேவைக்கும் பொருந்தும். ஆகவே துணிக்கடை விளம்பரமும் ‘எக்கோ’ ரிசார்ட் பலகையும் ஒரே விதிக்குள் வருகின்றன.

இதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. பசுமைப் பூச்சு என்ற குற்றச்சாட்டே முதலில் எழுந்தது விடுதிகள் மேல்தான். 1986-ல் ஜே வெஸ்டர்வெல்ட் என்ற அமெரிக்கச் சூழலியலாளர், ‘பூமியைக் காக்கத் துண்டை மறுபடி பயன்படுத்துங்கள்’ என்று அறையில் அட்டை வைக்கும் ஓட்டல்கள் தங்கள் சலவைச் செலவைத்தான் காக்கின்றன என்று எழுதினார்.

நெறியின் சாரம்: ‘பசுமை’, ‘சூழலுக்கு உகந்தது’ போன்ற பொதுச் சொல்லைத் தனியாக விடக்கூடாது. எந்த அம்சத்தில், எந்த ஆதாரத்தில் என்று அதே விளம்பரத்திலோ, க்யூ.ஆர். கோடு வழியாகவோ வாசிப்பவருக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும். பொருளின் ஒரு பகுதிக்கு மட்டும் பொருந்துவதை முழுப் பொருளுக்கும் சொல்லக்கூடாது. தவறான விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போடலாம். விளம்பரத்தில் நடித்த பிரபலத்துக்கும் பொறுப்பு உண்டு.

புகாருக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், தேதி, பில், அவர்களிடம் ஆதாரம் கேட்டு நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல், அவர்கள் பதில் (அல்லது பதில் வராதது) எல்லாம் சேர்த்து வையுங்கள். ஆதாரம் காட்ட வேண்டியது விளம்பரம் செய்தவர். நீங்கள் ஆய்வகம் தேடி ஓட வேண்டாம்.

தறிச்சத்தம் தோழருக்கு ஒன்று. பவர்லூம் துணியைக் கைத்தறி என்று விற்றால் இன்னொரு வழியும் உண்டு. கைத்தறிக்கு ஒதுக்கிய ரகங்களுக்கு 1985-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. மாநில அமலாக்கப் பிரிவு சோதனை போடலாம். உங்கள் சின்னம்மாவின் படத்தை அனுமதி எழுதி வாங்காமல் வணிகத்துக்கு வைத்திருந்தால் எடுக்கச் சொல்லி நோட்டீஸ் அனுப்பலாம். தனிச்செய்தியில் எழுதுங்கள், வரைவு நான் தருகிறேன், கட்டணம் வேண்டாம்.

தறிச்சத்தம்

ரொம்ப நன்றிங்க. சின்னம்மாவிடம் கேட்டேன். படத்தை எடுக்க வேண்டாம், கீழே ‘இந்தச் சேலை இவர் நெய்ததில்லை’ என்று எழுதச் சொல் என்கிறார். அப்படியே நோட்டீஸில் போட முடியுமா என்று பாருங்கள்.

தெருவில் நாங்கள் நாலைந்து வீடு உட்கார்ந்து பேசிச் சில ஏற்பாடு செய்திருக்கிறோம். தறி பார்க்க வருகிறவர்கள் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். பார்க்கும் நேரத்துக்கு ஒரு தொகை, அது தறியில் இருக்கிற இரண்டு பேருக்கும் சமமாக. அமாவாசை அன்று தறி ஓடாது, அன்றைக்கு வருகிறவர்களுக்குப் பாவு, ஜரிகை எல்லாம் உட்கார்ந்து நிதானமாகக் காட்டலாம். படம் எடுக்க வேண்டுமானால் முதலில் கேட்க வேண்டும், குழந்தைகளை எடுக்கவே கூடாது. விளம்பரத்துக்கு எடுத்தால் எங்கள் தறிச் சேலையைத்தான் கட்ட வேண்டும். டூர் நடத்தும் ஒருவர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இன்னொருவர் சரி என்றார்.

ஆம்ஸ்டல்

அண்ணே, ஜனவரியில் ஊருக்கு வருகிறோம், மாமியார், குழந்தைகள் எல்லாரும். உங்கள் தெருவுக்கு வரலாமா? நேராக உங்களிடமே பேசிக்கொள்கிறோம், இடையில் யாரும் வேண்டாம். நொய்யல்கரை அண்ணா, அப்படியே திருப்பூரும் பார்க்க முடியுமா? சுத்திகரிப்பு நிலையத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஆசை.

தறிச்சத்தம்

தாராளமா வாங்கம்மா. பொங்கலுக்கு முந்தின வாரம் மட்டும் வேண்டாம். சேலை கொடுத்து முடிக்க வேண்டிய நெருக்கடி, தறியை நிறுத்த முடியாது. பொங்கல் முடிந்து வந்தால் சின்னம்மாவும் கொஞ்சம் ஓய்வாக இருப்பார்.

நொய்யல்கரை

வாங்க. பொது சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் கேட்டுப் பார்க்கிறேன். பாதுகாப்பு விதிகள் இருப்பதால் அனுமதி வாங்கித்தான் உள்ளே போக முடியும். உள்ளே வரும் கறுப்புத் தண்ணீரையும் ஆர்.ஓ. தாண்டி வெளியே வரும் தண்ணீரையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம். கலப்பு உப்பு அடுக்கியிருக்கும் கொட்டகையையும் காட்டச் சொல்வேன். அப்புறம் ஒரத்துப்பாளையம் போவோம். அங்கே சுற்றிக் காட்ட நான் வேண்டாம், அணைக்குக் கீழே தோட்டம் வைத்திருக்கும் ஒருவரைக் கேட்டிருக்கிறேன். அவர் அரை நாள் வேலையை விட்டு வருவார், அதற்கான கூலியை நீங்கள் அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

சட்டப்புள்ளி சொன்னபடி அந்த ‘பூமிக்கு நல்லது’ பிராண்டுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். கேட்டது இவ்வளவுதான்: அந்தத் துணிக்கு டி.சி. எண் என்ன, சாயம் ஏறிய பட்டறை எந்த ஊர், படத்தில் இருக்கும் அம்மாவுக்கு என்ன கொடுத்தீர்கள். பதில் வந்தால் இங்கே போடுகிறேன்.